இரண்டாய் உடைந்த நாஷ்டா

டமார்!

யாரோ தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள் என்றுதான் மைத்ரேயி நினைத்தாள். அடுத்த நொடி இன்னொரு டமார். அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. கேன்டீன் முழுக்க எவர்சில்வர் தட்டுகள் முழங்க ஆரம்பித்தன. மேஜைமேல் தட்டு, தட்டின்மேல் டம்ளர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான்கு கம்பெனி தாண்டியும் கேட்டிருக்கும்.

அவள் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திருவள்ளூர் மணவாள நகரில் இருட்டோடு ஏறினால், பெரியபாளையம் வழியாக இங்கே வந்து சேரும்போது நன்றாக விடிந்துவிடும். அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்தவள், அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஓடினாள்.

ஓடினாள் என்பது பேச்சுக்கு. காலில் வலுவில்லை. நேற்று வைகுண்ட ஏகாதசி. லீவு போட்டுவிட்டு, விடியற்காலையில் பெருமாள் கோயிலில் சொர்க்கவாசல் சேவித்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டப்பாவுக்குள் இருந்தது அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும். துவாதசி காலையில் அதைச் சாப்பிட்டுத்தான் விரதத்தை முடிக்க வேண்டும். பஸ் கிளம்பும்போது சூரியன் உதித்திருக்கவில்லை என்பதால் பாரணை ஆபீஸில் என்று ஏற்பாடு.

வேண்டுதலும் சாதாரணமானது இல்லை. மைத்ரேயிக்கு இது மூன்றாவது கம்பெனி. முதலாவது, சேர்ந்த சில மாதங்களில் இழுத்து மூடப்பட்டது. இரண்டாவது, "தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பியது; இன்றுவரை தேவைப்படவில்லை. இங்கே எச்.ஆர். வேலை. வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்று மேனேஜர் அருணாச்சலம் இன்றைக்குச் சொல்வதாக இருந்தார்.

இன்றைக்குப் பார்த்து டமார்.

கேன்டீன் வாசலில் செக்யூரிட்டி குறுக்கே நின்றார். "இப்போ போவாதீங்க மேடம். பொம்பளைங்க செம காண்டுல கீறாங்கோ."

"ஏன்?"

"அத்த நீங்கதான் சொல்லணும்."

மைத்ரேயி உள்ளே போனாள்.

கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனி அது. டேஷ்போர்டுக்கு உள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பின்னிக் கிடக்குமே, அந்தக் கட்டுகள். லைனில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். முதல் ஷிப்டின் பெண்கள் அத்தனை பேரும் நீலக் கோட்டோடு பெஞ்சுகளில் உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கவுன்டரில் பொங்கலிலும் சாம்பாரிலும் ஆவி பறந்தது. ஒருத்தியும் வாங்கவில்லை.

நடுவில் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தாள் ஹேமாவதி. லைன் லீடர். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. அவள் கரையில் நின்று கூப்பிட்டால் ஏரி நடுவில் இருக்கும் படகு திரும்பி வந்துவிடும் என்று லைனில் சொல்வார்கள். அவள் கையை உயர்த்தினாள். தட்டுகள் நின்றன.

"வந்துட்டாங்கடி, ஓட்டப்பந்தய மேடம்!"

"என்ன ஆச்சு ஹேமாக்கா?"

"இன்னா ஆச்சுன்னு எங்களக் கேக்குறீங்களா? தலைக்கு மேல பாருங்க."

பார்த்தாள்.

மூன்று வேளைக்கும் மூன்று கவுன்டர், மூன்றுக்கும் பெயர்ப் பலகை என்பது மைத்ரேயியின் யோசனை. பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் என்று ஃப்ளெக்ஸ் கடைக்கு போனில் அனுப்பியிருந்தாள். அவள் லீவில் இருந்த நேற்று, முதல் பலகை மட்டும் வந்து சுவரில் ஏறியிருந்தது.

நல்ல பெரிய பலகைதான். மேல் வரியில் கொட்டை எழுத்தில் பிரேக். கீழ் வரியில் அதைவிடக் கொட்டையாக ஃபாஸ்ட். அதற்கும் கீழே தமிழில், 'இடைவேளையை வேகமாக முடிக்கவும்.' பக்கத்தில் தலைதெறிக்க ஓடும் ஓர் ஆளின் படம். அவன் பின்னால் புழுதி வேறு.

"இருக்கறதே துளியூண்டு நேரம்," என்றாள் ஹேமாவதி. "அதுல லைன்ல நின்னு, வாங்கி, துன்னுட்டு, கை கழுவிக்கினு, கோட்டு மாட்டிக்கினு போறோம். அதையும் ஓடிக்கினே செய்யணுமா? நாங்க இன்னா ரேஸ் குதிரையா?"

"குதிரைக்குக்கூட நின்னு துன்ன டைம் குடுப்பாங்கக்கா!" என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அது சாராள். ஆரம்பாக்கத்துப் பெண். லைனில் எல்லோரையும் சிரிக்க வைப்பது அவள் வேலை. ஒயர் கட்டுவது உபதொழில்.

மைத்ரேயி வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது. மேனேஜர். ஓரமாகப் போய்க் காதில் வைத்தாள்.

"கேன்டீன்ல என்னமோ கலாட்டாவாமே?"

"சார், அந்தப் போர்டு..."

"போர்டு நீ வெச்சது. நீயே பாத்துக்கோ. நான் தச்சூர் கூட்ரோட்டுல மாட்டிக்கிட்டிருக்கேன். ஜப்பான்காரங்க லைனைப் பாக்கப் பத்து மணிக்கு வர்றாங்க. எட்டு மணிக்கு லைன் ஓடணும். அவங்க போனதும் என் ரூமுக்கு வா. உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

வைத்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்கத் தேவையில்லை. மூன்றாவது கம்பெனி.

மைத்ரேயி திரும்பி வந்தாள். "அக்கா, இதைக் கேளுங்க. அது ரெண்டு வார்த்தை இல்லை. ஒரே வார்த்தை. பிரேக்ஃபாஸ்ட். காலை டிபன். நாஷ்டா!"

"நாஷ்டாவா?" ஹேமாவதி பலகையை ஒருமுறை, மைத்ரேயியை ஒருமுறை பார்த்தாள். "ஒரே வார்த்தைன்னா எதுக்கு நடுவால ஒடச்சி வெச்சிகீறீங்க?"

"நான் உடைக்கலை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர்தான். இருங்க, அவர் வாயாலேயே சொல்லச் சொல்றேன்."

தணிகாசலத்தின் நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"வணக்கம் மேடம்!" என்றார் தணிகாசலம் உற்சாகமாக. "போர்டு சூப்பரா கீதா?"

"அண்ணா, நான் பிரேக்ஃபாஸ்ட்டுன்னு ஒரே வார்த்தையாத்தானே அனுப்பினேன்?"

"ஆமா மேடம். ஆனா தகடு அகலம் பத்தல. ஒட்டிப் போட்டா எழுத்து எறும்பு மாரி பூடும். அதான் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"கீழே தமிழ்ல எழுதினது?"

"வெறும் இங்கிலீஷ் போட்டா ஜனங்களுக்குப் புரியுமா மேடம்? நானே அர்த்தம் போட்டேன்."

"சரி... அந்த ஓடுற ஆள்?"

"அது நம்ம அன்பளிப்பு. அதுக்குக் காசு வாணாம்."

கேன்டீன் கொல்லென்று சிரித்தது. மைத்ரேயிக்கு உயிர் வந்தது; போனை வைத்தாள். ஆனால் ஹேமாவதி சிரிக்கவில்லை.

"அடிச்சவருக்கே அப்டித்தான் புரிஞ்சிகீது. எங்களுக்கு மட்டும் வேற மாரி புரியணுமா? நாளைக்கு சூப்பர்வைசரு வந்து, போர்டைப் பாரு, எழுந்திருன்னு சொன்னா, இல்லைங்க, அது நாஷ்டான்னு நாங்க பாடம் எடுக்கணுமா?"

நியாயம்தான். மைத்ரேயி ஒப்புக்கொண்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் பேசினாள்.

"அக்கா, இந்த ஃபாஸ்ட்டுக்கு வேகம்னு அர்த்தமே இல்லை."

"அப்போ இன்னா அர்த்தம்?"

"உபவாசம். பட்டினி இருக்கறது."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பின் பெஞ்சில் சாராள் மெதுவாக எழுந்தாள்.

"பிரேக்குன்னா இடைவேளை. ஃபாஸ்ட்டுன்னா பட்டினி." விரலை விட்டுக் கணக்குப் போட்டவள் அலறினாள். "அக்கா! இடைவேளையில பட்டினி கெடக்கணுமாம்க்கா!"

டமடமடமடம!

முன்பைவிட இரண்டு மடங்கு. சமையல்காரர் கபூர் பாய் கரண்டியோடு கவுன்டருக்கு வெளியே வந்துவிட்டார். "பட்டினியா? அப்ப நான் யாருக்கு இம்மாம் பொங்கல் கிண்டி வெச்சிகீறேன்?"

"இல்லை பாய்! இல்லைக்கா! நான் சொல்ல வந்தது..."

யார் காதிலும் விழவில்லை. மைத்ரேயி போனில் அகராதியைத் தேடினாள். எழுத்துகள் கண்முன் நீந்தின. பசியா, பயமா என்று தெரியவில்லை. ஒருவழியாக அந்தப் பக்கத்தைப் பிடித்து, "இதோ! போட்டிருக்கு, கேளுங்க!" என்று போனை உயர்த்தவும், அது அடிக்கவும் சரியாக இருந்தது. பதற்றத்தில் விரல் பச்சைப் பொத்தானில் பட்டது, அடுத்து ஸ்பீக்கரிலும் பட்டது.

"மைத்து! பாரணை ஆச்சோடி?"

திருவள்ளூரிலிருந்து அவள் அம்மா செங்கமலவல்லியின் குரல், கேன்டீனின் நான்கு சுவர்களிலும் மோதியது. தட்டுகள் நின்றன.

"அம்மா, அப்புறம் பேசறேன்..."

"அப்புறம் என்னடி அப்புறம்? நேத்திக்குத் தீர்த்தம்கூட இல்லாம கிடந்தியே! இன்னும் பட்டினியாவா இருக்கே? துவாதசி போயிடப்போறது! அந்த மேனேஜர் சொல்லிட்டாரோ? வேலை நிலைச்சுடுத்தோ? உங்க கோவிந்த் மாமா நேத்தே ஆரம்பிச்சாச்சு, மூணாவது கம்பெனியையும் முழுங்கிட்டாளான்னு. ஏண்டி, லைன்ல இருக்கியோ?"

மைத்ரேயி சிவப்புப் பொத்தானை மூன்று முறை அழுத்தினாள்.

எச்.ஆர். மேடத்தின் முகம் அகத்திக்கீரை நிறத்துக்கு வந்திருந்தது.

ஹேமாவதி பெஞ்சிலிருந்து இறங்கினாள்.

"நேத்துலேர்ந்து எதுவும் துன்னலியா?"

"இல்லைக்கா."

"தண்ணிகூடமா?"

"ஏகாதசி..."

"எம்மா ஏய்! நாங்க இம்மாந்நேரம் ஒரு பட்டினிக்காரிகிட்டயா சண்ட புடிச்சிக்கினு இருந்தோம்?" ஹேமாவதி அவள் தோளை அழுத்தி பெஞ்சில் உட்கார வைத்தாள். "அந்தம்மா இன்னாவோ சொன்னாங்களே. பாரணை. அது இன்னா?"

"விரதத்தை முடிக்கறது. முந்தின நாள் முழுக்க உபவாசம். மறுநாள் காலையில முதல் கவளம் வாயில வைப்போமே, அதுக்குப் பேர் பாரணை..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த பெண். இத்தனை வருஷம் இந்த வார்த்தையை வாயால் சொல்லியிருக்கிறாள். வயிற்றால் இப்போதுதான் படித்தாள்.

"அக்கா, அதுதான் பிரேக்ஃபாஸ்ட்! அதேதான்! இங்கே பிரேக்குன்னா இடைவேளை இல்லை, உடைக்கறது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தா விடியற வரைக்கும் வயிறு சும்மா கிடக்கு இல்லையா? அந்த உபவாசத்தைக் காலையில உடைக்கறாங்க. ஆதியில அவங்க ஊர்லயும் ரெண்டு வார்த்தையாத்தான் இருந்திருக்கு. நூறு நூறு வருஷமாப் பேசிப் பேசி ஒண்ணா ஒட்டிக்கிச்சு."

"தணிகாசலம் மறுபடி பிச்சிட்டாரு," என்றாள் சாராள்.

ஹேமாவதிக்கு மட்டும் ஏதோ இடித்தது. "இரு, இரு. ஒடைக்கறதா? விரதத்த யாராவது ஒடைப்பாங்களா? ஆடி மாசம் எங்க அம்மனுக்குக் கூழு ஊத்தறப்போ நாங்களுந்தான் விரதம் கீறோம். கூழு குடிச்சி விரதம் உடுவோம். ஒடைக்க மாட்டோம். ஒடைச்சா சாமி குத்தம்."

"எங்க ஊட்லயும் தவக்காலத்துல ஒருசந்தி இருப்போம்," என்றாள் சாராள். "அதையும் முடிக்கறதுன்னுதான் சொல்லுவோம். ஒடைக்கறதுன்னா பாதியில கள்ளத்தனமா துன்னுட்டதா அர்த்தம்."

"நாங்க நோன்பு தெறப்போம்," என்றார் கபூர் பாய் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு. "கதவு மாரி. தெறந்தா உள்ள கஞ்சி."

"பாத்தீங்களாடி!" ஹேமாவதி எல்லோரையும் திரும்பிப் பார்த்தாள். "இவங்க முடிக்கறாங்கோ. நாங்க உடறோம். பாய் தெறக்கறாரு. வெள்ளக்காரன் மட்டுந்தான் ஒடைக்கறான். அவன் புத்தி எங்க போவும்!"

இந்தத் தடவை சிரிப்பில் தட்டுகள் தாமாகக் குலுங்கின. மைத்ரேயியும் சிரித்தாள். சிரித்ததில் தலை சுற்றியது, மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அந்த போன்ல நாஷ்டாவுக்கு இன்னா போட்டுகீதுன்னு பாருங்க," என்றார் கபூர் பாய். "இங்கிலீஷுக்கு மட்டும் பாத்தா எப்டி?"

மைத்ரேயி தேடினாள். படித்தவள் புருவத்தை உயர்த்தினாள். "பாரசீக வார்த்தையாம் பாய். பழைய அர்த்தம் என்ன தெரியுமா? காலையிலிருந்து எதுவும் சாப்பிடாம இருக்கறவன்."

"நாஷ்டான்னாலே நாஷ்டா துன்னாதவனா!" பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா அவனுக்குத்தான் சமைச்சிக்கினு கீறேனா?"

"அப்போ ஃபாஸ்ட்டு?" சாராள் விடவில்லை. "வேகத்துக்கும் அதே வார்த்தை, பட்டினிக்கும் அதே வார்த்தை. அது எப்டி மேடம்? பசி வந்தா ஓடுவாங்கன்னா?"

"அதுக்கும் போட்டிருக்கு. ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதானாம். முதல் அர்த்தம் வேகமும் இல்லை, பட்டினியும் இல்லை. உறுதி. விடாப்பிடியா நிக்கறது. விடாப்பிடியா சாப்பிடாம இருந்தா உபவாசம். விடாப்பிடியா ஓடினா வேகம்."

ஹேமாவதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அப்டிப் பாத்தா இப்போ நாங்கதான் ஃபாஸ்ட்டு."

மறுக்க முடியாது. பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது, ஒருத்தியும் இன்னும் தட்டை நீட்டவில்லை.

"சரி கண்ணு," என்றாள் ஹேமாவதி. மேடம் எப்போது கண்ணு ஆனாள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. "நீ சொல்றத ஒத்துக்கறோம். இது விரதம் முடிக்கற நேரம். அப்போ நீயே சொல்லு. சாமிக்கு விரதம் இருந்து முடிக்கறவங்கள யாராச்சும் ஓடிக்கினே துன்னு, சீக்கிரம் எந்திரின்னு சொல்லுவாங்களா? உங்கூட்ல உன்ன அப்டிச் சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. உட்கார வெச்சு, இலை போட்டு, பக்கத்துல நின்னு பரிமாறுவாங்க."

"அவ்ளோதான் கேஸு. நேரத்துல ஒரு நிமிசம் கொறைக்கக் கூடாது. அந்த ஓடுறவன் இங்க இருக்கக் கூடாது."

"நேரத்துல யாரும் கை வைக்கலைக்கா. எப்பவும் இருக்கற நேரம்தான். போர்டை இப்பவே கழட்டறேன்."

மைத்ரேயி செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சின்மேல் ஏறினாள். ஒரு கால் ஏறியது. இன்னொரு கால் எங்கே என்று தெரியவில்லை. சாய்வதற்குள் ஹேமாவதி இடுப்பைப் பிடித்து இறக்கினாள்.

"நீ எறங்கு மொதல்ல! மயக்கம் போட்டு உழுந்தா அதுக்குன்னு இன்னொரு போர்டு மாட்டுவாங்க. சாராளு, மேடத்தோட டிபன் எங்க கீதுன்னு பாத்து எடுத்தா. பாய், அந்த ஸ்க்ரூவைக் கழட்டுங்க."

ஓடுகிறவன் சுவரிலிருந்து இறங்கினான். சாராள் ஆபீஸ் மேஜையிலிருந்த டப்பாவோடு வந்தாள். வழியிலேயே மூடியைத் திறந்து மோந்து பார்த்திருந்தாள்.

"அக்கா, பச்சையா இன்னாவோ கீது. ஆட்டுக்குப் போடுற தழை மாரி கீது."

"அகத்திக்கீரைடி, அறிவு கெட்டவளே."

மைத்ரேயி கண்ணை மூடி ஒரு வினாடி கையைக் கூப்பினாள். முதல் கவளம் பெருமாள் பேரில் கீரை. அது தொண்டையில் இறங்குவதை அத்தனை பெண்களும் தங்கள் தொண்டையாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, நெல்லிக்காய்ப் பச்சடி. தண்ணீர் குடித்தாள். நேற்று முழுக்கப் போயிருந்த உலகம் மெல்லத் திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்தது.

"எங்கிட்ட இறா தொக்கு கீது," என்றாள் ஹேமாவதி. "அது உனக்கு ஆவாது. பாய்! மேடத்துக்குப் பொங்கல்."

கபூர் பாய் தட்டோடு நின்றார். கொடுக்கலாமா என்ற தயக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. "நெய்யிதான் ஊத்திகீறேன் மேடம். வேற ஒண்ணும் இல்ல."

மூன்றாவது கவளம் கபூர் பாயின் பொங்கல். மிளகு நறுக்கென்று கடிபட்டது. "பாய், இது எங்க மடப்பள்ளிப் பொங்கலுக்குச் சவால் விடும் போலிருக்கே!" என்றாள் மைத்ரேயி வாய் நிறைய.

பாய் சிரிப்பை மறைக்கத் திரும்பி நின்று, காரணமில்லாமல் சாம்பாரைக் கலக்கினார்.

அவ்வளவுதான். வரிசை ஓடத் தொடங்கியது. தட்டுகள் நிறைந்தன. டப்பாவில் மிச்சமிருந்த கீரை ஆளுக்கு ஒரு சிட்டிகையாகப் பெஞ்சு பெஞ்சாகப் போனது. "கசக்குது!" என்றாள் ஒருத்தி. "விரதம் இருந்துட்டுத் துன்னாத்தான் இனிக்கும்டி," என்றாள் இன்னொருத்தி.

ஹேமாவதி மைத்ரேயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் மற்றவர்கள் பேசுகிற அளவுக்கு இருக்கும்.

"வேலைக்கு எதுனா பேஜாரா?"

"தெரியலைக்கா. போர்டு நான் வெச்சதுன்னு மேனேஜருக்குத் தெரியும். எட்டு மணிக்கு லைன் ஓடணும்னார். அப்புறம் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கார்."

ஹேமாவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்தாள். "அடியேய்! எட்டாவப் போவுது! வாயில வெச்சத முழுங்குங்க!"

"இன்னாக்கா, நீயே ஓடச் சொல்ற?" என்றாள் சாராள்.

"மேனேஜரு சொன்னாத்தான் தப்பு. நான் சொல்லலாம்."

"ஃபாஸ்ட்டா பிரேக்ஃபாஸ்ட்டு!" என்று கூவினாள் சாராள். பெண்கள் சிரித்துக்கொண்டே கை கழுவப் பாய்ந்தார்கள். எட்டு மணிக்குச் சங்கு ஊதியபோது லைன் நகர்ந்துகொண்டிருந்தது.

ஜப்பான்காரர்கள் வந்தார்கள். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், ஒயர்களைத் தடவிப் பார்த்தார்கள், ஹேமாவதியின் வேகத்தைப் பார்த்து ஏதோ சொல்லித் தலையாட்டினார்கள். கேன்டீனில் கபூர் பாயின் பொங்கலைக் கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கார் ஏறினார்கள்.

அதன் பிறகு மைத்ரேயி மேனேஜரின் அறைக் கதவைத் தட்டினாள்.

அருணாச்சலம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முப்பது வருஷம் சிப்காட் பார்த்தவர். உற்பத்தி கூடினால் முகம் மலரும், குறைந்தால் சுருங்கும். வேறு எதற்கும் அந்த முகம் அசைந்து யாரும் கண்டதில்லை.

"உட்காரும்மா. எட்டு மணிக்கு லைன் ஓடிடுச்சு. குட். எப்படி சமாளிச்சே?"

"பேசினேன் சார்."

"என்ன ப்ராமிஸ் பண்ணே?"

"ஒண்ணும் இல்லை சார். நேரம் எப்பவும் போலத்தான். போர்டை மட்டும் எடுத்துட்டோம்."

அவர் முகம் சுருங்கியது. "எடுத்துட்டியா? ஏன்? பயந்துட்டியா?"

யார் மேலாவது பழியைப் போடலாம். தணிகாசலம் தோதான ஆள். தகட்டின் அகலம் அதைவிடத் தோது. ஆனால் கடையிலிருந்து வந்ததை மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது அவள் வேலை. அவளோ சொர்க்கவாசலில் நின்றிருந்தாள்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் போர்டே தப்பு. நான் எழுதிக் கொடுத்தது பிரேக்ஃபாஸ்ட். ஒரே வார்த்தை. கடையில இடம் பத்தாம ரெண்டா உடைச்சுட்டாங்க. தமிழும் அந்த ஓடுற ஆளும் அவங்களாப் போட்டது. மாட்டறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும். லீவுல போயிட்டேன். தப்பு என்னோடதுதான் சார். அதுக்கு நீங்க என்ன முடிவு எடுத்தாலும்..."

"இரு. அது பிரேக்ஃபாஸ்ட்டா?"

"ஆமா சார். காலை டிபன்."

அருணாச்சலம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு நிறக் கவரை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். மேலே ஹெட் ஆபீஸ் முத்திரை இருந்தது. அந்த முகத்தில், உற்பத்திக்குச் சம்பந்தமே இல்லாமல், என்னவோ ஒன்று அசைந்தது.

"இந்தக் கம்பெனியில பிரேக்கை ஃபாஸ்ட்டா முடின்னு போர்டு வைக்கற தைரியம் எந்த எச்.ஆருக்கும் வந்ததில்லைன்னு, நேத்து சாயங்காலம் அதைப் பாத்துட்டுத்தானேம்மா உன் வேலையை நிரந்தரம் பண்ணி கையெழுத்தே போட்டேன்!"